சிவப்புப் பென்சில்

"இது ஆபீஸா, எல்.கே.ஜி. கிளாஸா மேடம்?"

மலையாளி மேனேஜர் அபிஜித் கேட்டதும் டிசைன் அறையில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சூடாமணி மட்டும் நிமிரவில்லை. காகிதத்தைக் கத்தரித்து, வளைத்து, செல்லோடேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

பாப்பனங்கோட்டில் ஸ்டீல் தகடு வேலை செய்யும் கம்பெனி அது. வளைந்த பாகத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து ஒரு பட்டனைத் தட்டினால் போதும். வளைப்பதற்கு முன் தகடு எந்த அளவில் இருக்க வேண்டும் என்று அதுவே விரித்துக் காட்டிவிடும். அப்படியே வெட்டி, கீழே ரோலிங் மெஷினில் வளைப்பார்கள். இதில் கத்தரிக்கோலுக்கு என்ன வேலை?

"சாஃப்ட்வேர் கணக்கு தப்பாது மேடம். நீங்க ஒவ்வொண்ணையும் பிரிண்ட் எடுத்து, வெட்டி, ஒட்டி, பென்சில்ல கலர் வேற அடிச்சு... பார்ட்டுக்கு அரை மணி நேரம் வேஸ்ட். எந்தினா?"

"பழகிடுத்து சார். விட முடியலை."

"விட்டே ஆகணும். கீழே மெஷின்கிட்டப் போயி பேசி நிற்கறதும் இனி வேண்டாம். ட்ராயிங் மட்டும் போனா மதி, அது போதும். ஏற்கெனவே ரெண்டு மெமோ. மூணாவது வந்தா வேலை போகும், அறியாமோ?"

சூடாமணிக்குத் தெரியும். அவள் வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். கத்தரிக்கோலை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

அபிஜித் சொன்னதைச் செய்கிற ஆள். மேனேஜராகச் சேர்ந்த முதல் வாரமே ரோலிங் மெஷின் பக்கத்துச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினான். 'ட்ராயிங் படிக்கத் தெரியாதவர்கள் மெஷினைத் தொடக் கூடாது.' படிக்கத் தடுமாறிய ஜெயனை அந்த வாரமே வீட்டுக்கும் அனுப்பிவிட்டான்.

கத்தரிக்கோலைப் பூட்டிய நாலாம் நாள் வந்தது வினை.

ஓர் ஆஸ்பத்திரி அடுக்களைக்குப் பன்னிரண்டு புகைக்கூண்டு மூடிகள். வழக்கமாகத் தகட்டின் பளபளப்புப் பக்கம் வெளியே வரும். இதில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வசதியாக உள்ளே வர வேண்டும். பன்னிரண்டும் வெளியேதான் பளபளத்தன. திருப்பி வளைக்கவும் வழியில்லை.

முதலாளி சுந்தரராமன் இறங்கி வந்தார். "யார் பண்ணின வேலை இது?"

பிச்சையா மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். பதினேழு வருஷமாக அந்த மெஷினில் நிற்பவர். "மொதலாளி, நான் வந்து..."

"தப்பு என்னோடது சார்," என்று சூடாமணி முன்னால் வந்தாள். "பளபளப்பு உள்ளே வரணும்னு ட்ராயிங்ல எழுத மறந்துட்டேன். பிச்சையா என்ன பண்ணுவார்?"

சுந்தரராமன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அபிஜித், இவாளுக்கு லெட்டரை ரெடி பண்ணுங்கோ." போய்விட்டார். சூடாமணியும் மாடியேறினாள்.

'காகிதம் வெட்ட அரை மணி நேரம் உண்டு, ஒரு வரி எழுத நேரமில்லையாக்கும்!' லெட்டரோடு இணைப்பதற்காக அந்த ட்ராயிங்கைத் தேடி, பிச்சையாவின் அலமாரியைத் திறந்தான் அபிஜித்.

ட்ராயிங் மேலாகவே இருந்தது. அதில், பளபளப்புப் பக்கம் உள்ளே என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

எழுதிவிட்டு, எழுதவில்லை என்று ஏன் சொன்னாள்?

ட்ராயிங்கை எடுத்தான். அடியில் காகித மாதிரிகள், நூறு இருக்கும். எல்லாம் சூடாமணி வெட்டி ஒட்டியவை. பளபளப்பு வர வேண்டிய பக்கத்தில் சிவப்புப் பென்சில் தீற்றியிருந்தது. ஓர் எழுத்துகூட எதிலும் இல்லை.

"பிச்சையாண்ணா..."

பிச்சையா தலையைக் குனிந்துகொண்டார். "நம்பரு தெரியும் சாரே, எழுத்து தெரியாது. அந்தம்மா செஞ்சு தர்ற பேப்பரப் பாத்துதான் வளைப்பேன். ஒங்க நோட்டீசு ஒட்டுன பொறவு, வெளிய சொல்லிராதீங்கன்னு அவங்கதான் சொன்னாவ. இந்தத் தடவ பேப்பரும் வரல்ல, அவங்களும் வரல்ல."

அபிஜித்துக்கு வெட்கமாக இருந்தது. ஜெயன் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனது ஞாபகம் வந்தது. போனை எடுத்தான்.

"சார், அந்த லெட்டர் வேண்டாம். தப்பு என்னோடது. ஒழுங்கா நடந்துட்டிருந்த ஒரு செக்கிங்கை நான்தான் நிறுத்தினேன். ஜெயனையும் திரும்பக் கூப்பிடணும் சார்."

மாடியில் சூடாமணி மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தாள். அபிஜித் ஒரு தாளை அவள் முன்னால் வைத்தான். அன்று காலை வரை மெஷின் பக்கத்துச் சுவரில் இருந்த அறிவிப்பு அது.

"பின்பக்கம் காலியாத்தான் இருக்கு மேடம்," என்றான். "அடுத்த மாடல் வெட்ட ஆகும் அல்லே?"