இருபது நிமிடத்திற்கு ஒரு பக்கம்

2019 மார்ச் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, அமெரிக்காவின் டுலூத் நகரில் வசிக்கும் லேலண்டின் எழுபத்தோராம் பிறந்தநாளுக்காக மகன் கர்ட்டிஸ் சிறிய பாட்டுப்பெட்டி ஒன்றை வாங்கி வந்தான்.

“இதுல லட்சக்கணக்குல பாட்டு இருக்குப்பா. வாயால கேட்டாப் போதும், பாடும். நாற்காலிய விட்டு எழுந்திருக்கவே வேண்டாம்.”

அதைக் கேட்டதும் தாய் வெர்னா பெட்டியை ஒதுக்கித் தள்ளினார். “வேண்டாம். இசைத்தட்டோட நாதம் இதுல வராது,” என்றார்.

“மகாராணி காதுக்கு வேற எதுவும் ஆகாதுடா,” என்று முனகிய லேலண்ட், பாடி முடிந்த தட்டைத் திருப்பிப் போட எழுந்தார். “இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் எனக்கு இந்த ஊழியம். எல்லாம் உங்கம்மாவுக்காகத்தான்.”

கர்ட்டிஸ் தாயைச் சமையலறைக்கு அழைத்துச் சென்றான். “உண்மையச் சொல்லும்மா. ரெண்டுக்கும் உனக்கு வித்தியாசம் தெரியுதா?”

“துளிகூடத் தெரியாது.”

“அப்புறம் ஏம்மா அப்பாவ இந்தப் பாடு படுத்துற?”

வெர்னா குரலைத் தாழ்த்தினார். “கால்ல ரத்தம் உறையுது, இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து நடக்கணும்னு டாக்டர் சொன்னார். தனக்காக அந்த மனுஷன் ஒருநாளும் எழுந்திருக்கல. எனக்காகன்னா எழுந்திருக்கார்.”

பாட்டுப்பெட்டியைக் கடையிலேயே திருப்பிக் கொடுப்பதென்று முடிவாயிற்று. இசைத்தட்டு அலமாரி அன்றைக்கே மாடி அறைக்கு மாற்றப்பட்டது; தட்டைச் சுழற்றும் கருவி மட்டும் கீழே கூடத்திலேயே இருந்தது.