பூ பார்க்க வந்தவர்கள்

பூ பார்க்க வருகிறவள் ரொட்டியை எதற்குத் துணியில் கட்டிக்கொண்டு வருகிறாள்? வாசல் கதவைத் திறந்ததுமே ஹோசியத்தின் கண் அந்த மூட்டையில்தான் போய் விழுந்தது. இரண்டு வட்ட ரொட்டி, சலவை மடிப்புக் கலையாத வெள்ளைத் துணி.

உஸ்பெக் நாட்டு நமங்கான் ஊரில் முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் இப்படி ரொட்டியோடு வந்து நின்றால் பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், பெண் கேட்க வந்திருக்கிறார்கள் என்று. ஆனால் மஸ்தூரா என்ற மூத்தவள் கொஞ்சமும் கூசாமல் வேறு கதை சொன்னாள். தெரு முழுக்கப் பூவெல்லாம் கருகிவிட்டதாம். இந்த வீட்டில் மட்டும் செவ்வந்தி இன்னும் நிற்கிறது என்று கேள்விப்பட்டு, உறைபனி விழுவதற்குள் கண்ணாரப் பார்த்துவிட்டுப் போக, தங்கை ஒய்னிசாவையும் கூட்டிக்கொண்டு வந்தாளாம்.

ஹோசியத் கதவைப் பிடித்தபடி வழிவிடாமல் நின்றாள். மகள் நிகோரா மருத்துவப் படிப்பில் மூன்றாம் வருடம். தன்னைப் பதினெட்டு வயதில் நர்சிங் படிப்பிலிருந்து பாதியில் இழுத்துக் கட்டிக்கொடுத்தது ஹோசியத்தின் நெஞ்சில் இன்னும் ஆறவில்லை. புருஷன் செத்துப்போன இந்த ஒன்பது வருடத்தில் அவளுக்கு இருந்த வைராக்கியம் ஒன்றே ஒன்றுதான், மகள் டாக்டராகிவிட்டுத்தான் இந்த வாசலைத் தாண்ட வேண்டும். இந்த வருடம் மட்டும் மூன்று கூட்டத்தைத் திருப்பி அனுப்பியாயிற்று.

வாயைத் திறந்து கேட்டால் முடியாது என்று சொல்லிவிடலாம். கேட்கவே இல்லையே, என்னவென்று மறுப்பது? வந்த விருந்தாளியை நிற்கவைத்துப் பேசுகிற வழக்கமும் கிடையாது. வேறு வழியில்லாமல் பாத்தி ஓரத்து மரக்கட்டிலில் மெத்தை விரித்து உட்காரச் சொன்னாள்.

சும்மா சொல்லக்கூடாது, தோட்டம் அன்றைக்கு அப்படி இருந்தது. மஞ்சளும் கருஞ்சிவப்புமாகச் செவ்வந்தி, அதை ஒட்டிக் கோழிக்கொண்டை, சுவரோரம் பாதி விரிந்த ஒற்றை ரோஜா. இன்னும் நாலு நாளோ அஞ்சு நாளோ என்று ஹோசியத்தே தினம் சாயங்காலம் இங்கே உட்கார்ந்துதான் தேநீர் குடிப்பாள். ஒய்னிசா ஒரு பூவை வளைத்து மோந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மஸ்தூராவோ பூவை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டை அளந்தாள், முற்றத்தை அளந்தாள்.

நிகோரா தேநீரும், கறி வைத்துச் சுட்ட சம்சாவும் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு பேரும் தலையைக்கூட நிமிர்த்தாமல் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்கள். பலே, கைதேர்ந்தவர்கள், பார்க்காத மாதிரியே பார்க்கிறார்கள் என்று ஹோசியத் உள்ளுக்குள் கறுவினாள்.

"இவ்வளவு பூவையும் யாரும்மா பாத்துக்கறது? பொண்ணா?" என்று மெல்ல ஆரம்பித்தாள் மஸ்தூரா.

மஸ்தூரா வசமாக மாட்டினாள் என்று நினைத்தாள் ஹோசியத். மகளை மட்டம் தட்டினால் தானாக எழுந்து போய்விடுவார்கள்.

"பொண்ணா? நல்லா கேட்டீங்க போங்க! அவளுக்கு மண்ணக் கண்டாலே ஆகாதுக்கா. ஒரு செடிக்குத் தண்ணி ஊத்தினதில்ல. எல்லாம் நான்தான்."

அதோடு விட்டாளா? நிகோராவுக்கு அடுப்பு மூட்டத் தெரியாது, புலாவ் வைத்தால் அடிப்பிடித்துவிடும், இப்போது நீங்கள் சாப்பிடுகிற சம்சாகூட நான் செய்ததுதான் என்றாள். விடிந்து எட்டு மணி வரை தூக்கம், வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பதும் நான்தான் என்றாள். உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருப்பாளே என்று பெற்ற மனசு அடித்துக்கொண்டது. பாவி, தங்கமான பெண்ணைப் பற்றி இப்படி வாய் கூசாமல் புளுகுகிறேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஆனால் ஒன்று நடக்கவில்லை. அவர்கள் எழுந்து போகவில்லை. மகளைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல, வந்தவர்கள் முகம் மலர்ந்துகொண்டே போனது. ஒய்னிசா மூன்றாவது சம்சாவை எடுத்துக்கொண்டு அக்காவின் முழங்கையை இடித்தாள்.

இப்போதுதான் ஹோசியத்துக்கு நிஜமாகவே பயம் பிடித்தது. எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுகிறார்கள் என்றால் மாப்பிள்ளையிடம் ஏதோ பெரிய கோளாறு இருக்க வேண்டும். குடிகாரனோ, ஏற்கெனவே ஒருத்தியை விரட்டிவிட்டவனோ, யார் கண்டது?

"பொண்ணு காலேஜ் போயிட்டா நாள் பூரா தனியாவா இருக்கீங்க?" என்று கேட்டாள் மஸ்தூரா.

தாயும் தனி, மகளைக் கட்டினால் அடிக்கடி பிறந்த வீட்டுக்கு ஓடிவருவாளோ என்று கணக்குப் போடுகிறாள் போலிருக்கிறது. அதற்கும் ஒரு பொய் சொல்லத்தான் ஹோசியத் வாயெடுத்தாள். வந்தது என்னவோ நிஜம்.

"ஆமாக்கா. நானும் இந்தப் பூவுந்தான். இதுவும் போயிட்டா பங்குனி வரைக்கும் பேச்சுத் துணைக்கு ஆளில்ல."

 மஸ்தூரா கிண்ணத்தைக் கீழே வைத்தாள், தங்கையைப் பார்த்தாள், தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். வந்த காரியத்தைப் பேசிவிடலாமா என்று கேட்டாள்.

ஹோசியத் எழுந்தே நின்றுவிட்டாள். விருந்தாளியாவது மண்ணாவது.

"வேணாம்க்கா, அதப் பேசவே வேணாம். உங்க பையன் ராஜாவாவே இருக்கட்டும், என் பொண்ணு படிப்ப முடிக்காம நான் யாருக்கும் குடுக்கறதா இல்ல."

மஸ்தூரா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"பொண்ணு நல்லா படிக்கட்டும்மா. என் தம்பிக்கு நாங்க கேட்டு வந்தது உங்களத்தான்."