அட்டையில் பேராசிரியர் பெயர்

"அட்டையில என் பேரைப் போடுங்க." இந்தப் பதிப்பகத்தில் முப்பது வருடமாகக் காகிதம் வெட்டும் அப்பா, கேட்கவே கூடாது என்று சொல்லி அனுப்பியதைத்தான் கேட்கிறேன். முதலாளியின் மேசையில் மூன்று புது அட்டைகள் மை வாசனையோடு கிடக்கின்றன. ஒன்று செவ்வாய்க் கிரகத்தில் குடியேறியவர்களின் கதை, ஒன்று பள்ளிப் பிள்ளைகளுக்கான காதல் நாவல், மற்றது ஆலைத் தொழிலாளர்கள்மேல் நடந்த துப்பாக்கிச்சூட்டின் வரலாறு. செத்தவர்களின் வீடுவீடாக ஏறி இறங்கி நான் எழுதியது. அதன்மேல் யாரோ ஒரு பேராசிரியரின் பெயர் தங்க எழுத்தில் மினுங்குகிறது. முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார். "செவ்வாய்க் கதைக்கு யார் பேரும் போடலாம்மா. இது வம்பு வர்ற புத்தகம். பெரிய மனுஷன் சொன்னாத்தான் நம்புவாங்க. காகிதம் வெட்டுறவன் பொண்ணு சொன்னா?" அப்பாவைக் கூப்பிடுகிறார். முழங்கை வரை காகிதத் தூளோடு அப்பா வாசலிலேயே நிற்கிறார். "ஏம்ப்பா, இவ பேரை அட்டையில போட்டா, நீ படிச்சிடுவியா?" "எனக்கு எங்கங்க ஐயா படிக்கத் தெரியும்?" என்று அப்பாவும் சேர்ந்து சிரிக்கிறார். மின்விசிறிக் காற்றில் அட்டைகளின் ஓரங்கள் எழும்பி எழும்பி அடங்குகின்றன.

"செத்தவங்க வீட்டு ஆளுங்க கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் பூரா எங்கிட்டதான் இருக்கு. வேற பதிப்பகத்துக்குக் குடுக்கிறேன்."

"தாராளமா போ. உங்கப்பனையும் கூட்டிட்டுப் போயிடு."

அப்பாவின் சிரிப்பு முகத்திலேயே காய்கிறது. "நான் ஓய்வு பெற இன்னும் ரெண்டு வருஷம்தான் கண்ணு. ஐயாகிட்ட மன்னிப்புக் கேட்டுடு."

"நீங்களே கேட்டுக்கோங்கப்பா." வாசலை மறைத்து நிற்பவரைத் தோளால் ஒதுக்கிவிட்டு வெளியே நடக்கிறேன்.