நூற்றிரண்டு டிகிரி

அன்று பெய்தது மழையா, வெறும் பனிமூட்டமா என்பது எனக்கு உறுதியாக நினைவில்லை. தேயிலைத் தோட்டங்களில் பச்சை இலை விலை விழுந்து கிடந்த காலம் என்பது மட்டும் நிச்சயம்.

நெல்லியாளத்துக்கு மேலே, எஸ்டேட் டிஸ்பென்சரியில், நர்ஸ் ரோஸ்மேரி தெர்மாமீட்டரை உதறி மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.

தொண்ணூற்றேழு.

பெஞ்சில் சாய்ந்திருந்த லிங்கசாமிக்கு எழுபது தாண்டியிருந்தது. நெற்றி சில்லென்று இருந்தது. மூச்சு இரைத்தது. நகங்களில் நீலம் பாய்ந்திருந்தது.

"பிரட்டுக்கு நேரமாச்சு, துரை ஏசுவாரு" என்று எழுந்திருக்கப் பார்த்தார். என்றோ விட்டுவந்த இலங்கைத் தோட்டத்தில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டு அது.

"காய்ச்சல் ஒண்ணும் இல்லைங்க சிஸ்டர். ஆனா மனுசன் விடிஞ்சதுல இருந்து கண்டியிலதான் இருக்காரு" என்றாள் அவர் மனைவி ஆண்டாயி. சிரிக்கப் பார்த்து, முடியாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

ரோஸ்மேரிக்குப் புரிந்துவிட்டது. இள உடம்பு, கிருமி நுழைந்ததும் கொதித்து எழும். வயதான உடம்புக்கு அந்தக் கொதிப்புக்கே தெம்பு இருக்காது. நெஞ்சு முழுக்கச் சளி கட்டும், புத்தி தடுமாறும். நெற்றி மட்டும் ஒன்றும் தெரியாததுபோல் இருக்கும்.

உடனே கூடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைப்பார். ஆனால் டீசலைக் குறைத்துவிட்ட நிர்வாகம், நூற்றிரண்டு டிகிரிக்குக் கீழே யாருக்கும் ஜீப் கொடுப்பதில்லை.

மேஜையில் அவளுடைய டீ ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

லீவுக்காகப் பொய்க் காய்ச்சல் காட்டியவர்களை எத்தனையோ தடவை கையும் களவுமாகப் பிடித்துத் திட்டியிருக்கிறாள்.

தெர்மாமீட்டரை டம்ளருக்குள் விட்டாள். நூற்றிமூன்றில் எடுத்துக்கொண்டு பக்கத்து ஆபீசுக்கு ஓடினாள்.

ஜீப் சாவி சில்வஸ்டரிடம் இருந்தது. பேக்டரி ஓடாததால் ஆபீசில் உட்கார வைக்கப்பட்டிருந்த டீ மேக்கர். மணத்தை வைத்தே தூளின் தரம் சொல்கிறவர்.

அவர் தெர்மாமீட்டரை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு மெதுவாக மூக்கருகே கொண்டுபோனார்.



ரோஸ்மேரி தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த தடவை சக்கரை போடாத டீயா பாத்து வைங்க சிஸ்டர். கையில ஒட்டுது."

சாவியை எடுத்துக்கொண்டு, டிரைவரைக்கூடக் கூப்பிடாமல், அவரே ஜீப்பை நோக்கி நடந்தார்.

டிஸ்பென்சரியை மறு வருடம் மூடிவிட்டார்கள். ரோஸ்மேரி குன்னூருக்கு வேலை தேடிப் போனாள். பேக்டரி மறுபடி ஓடியபோது சில்வஸ்டர் அங்கேயே டீ மேக்கராகத் திரும்பினார். லிங்கசாமியும் ஆண்டாயியும் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் இன்னும் ஒன்பது வருடம் சண்டை போட்டுக்கொண்டு வாழ்ந்தார்கள்.