தெருவுக்கு அடியில் ஒரு கப்பல்

அமெரிக்கத் துறைமுக நகரம் ஒன்றில் தெருவுக்கு அடியில் ஒரு பாய்மரக் கப்பல் புதைந்து கிடந்தது. மாலுமிகள் அதை அப்படியே விட்டுவிட்டுத் தங்கம் தோண்ட ஓடிவிட, ஊர்க்காரர்கள் கடலைத் தூர்த்துத் தெரு போட்டுவிட்டார்கள்.

ரொம்ப காலம் கழித்து, அதன் வயிற்றைத் துளைத்துக்கொண்டு சுரங்கப்பாதை ரயில் வந்தது.

"என் ஆளுங்க வந்துட்டாங்களா?" என்று கேட்டது கப்பல். "ரெண்டே நாள்ல வர்றோம், அசையாம நில்லுன்னாங்க. நான் அசையவே இல்ல."

"அவங்க செத்து எத்தனையோ காலமாச்சு. ஆள விடு," என்று எரிந்து விழுந்தது ரயில்.

"அப்போ உன் கடைசிப் பெட்டியில மண்வெட்டியும் கையுமா நிக்கிறது யாரு? எறங்கச் சொல்லேன்."

ரயிலுக்குச் சில்லிட்டது. காலையிலிருந்து அந்தப் பெட்டி காலி.

அங்கிருந்து ஈரமான குரல்கள் கேட்டன: "இன்னும் ரெண்டே நாள்."

"சரி," என்றது கப்பல், அசையாமல்.