முதுகில் ஒரு வரிசை

கட்டிலைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டாள் கலைச்செல்வி.

மெத்தை ஏற்கெனவே தரையில் கிடந்தது. உறையைக் கழற்றி, நான்கு மூலைகளையும் விரித்துப் பார்த்தாகிவிட்டது. தையலோரமாக நகத்தை வைத்துக் கீறிக்கொண்டே வந்தாள்.

பஞ்சுதான் வந்தது.

காலையில் மகள் யமுனாவைக் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தாள். குழந்தையின் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, சிவப்புப் புள்ளிகள். ஒன்றையடுத்து ஒன்றாக ஒரு வரிசை.

"அரிக்குதா சாமி?"

"இல்லம்மா."

கையிலிருந்த சொம்பு நழுவிக் கீழே விழுந்தது.

வாசலூர்பட்டி படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை அவளுக்கு. அங்கே கழித்துப் போட்ட மெத்தைகளில் ஒன்றைத்தான் போன வாரம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். மூட்டைப்பூச்சி எங்கெல்லாம் ஒளியும் என்பது அவளுக்குத் தெரியும். தையல் மடிப்பு, ஆணி ஓட்டை, பலகை இடுக்கு. கரும்புள்ளிகள் இருக்கும். உரித்துப் போட்ட தோல் இருக்கும். ரவை போல வெள்ளையாக முட்டை இருக்கும்.

ஒன்றுமே இல்லை.

செல்போன் வெளிச்சத்தைக் கட்டில் சட்டத்தின் மீது அடித்தாள். ஓரிடத்தில் கறுப்பாகச் சில புள்ளிகள். மூச்சை அடக்கிக்கொண்டு, விரலை எச்சிலில் நனைத்துத் தேய்த்தாள். பூச்சியின் எச்சமாக இருந்தால் கரைந்து செம்பழுப்பாக இழுபடும்.

இழுபடவில்லை. அடுப்புக் கரி.

சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே கணவன் பூபதி யமுனாவைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். "கலை, ராசிபுரம் பஸ் வந்துரும். அதை உட்டுட்டு வா."

"கொஞ்சம் இருங்க."

"இன்னும் என்னத்தைத் தேடற?"

அவள் ஈர்க்குச்சி ஒன்றை ஒடித்து, பலகை இடுக்குகளில் விட்டு இழுத்தாள். தூசி. ஒட்டடை. ஒரு ராகி உமி. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பாவாயி எட்டிப்பார்த்தாள். வீடு கிடந்த கோலத்தைப் பார்த்து மோவாயில் கை வைத்தாள்.

"ஏங் கண்ணு, மூட்டைப்பூச்சிக்குப் போயி இப்படிப் பயப்படுவாங்களா? கட்டலைத் தூக்கி வெயில்ல போட்டு, கொதிக்கற தண்ணிய ஊத்து. எல்லாஞ் செத்துப்போயிரும்."

கலைச்செல்விக்கு அது காதில் விழவில்லை. கட்டிலின் கால், சட்டத்தில் சேரும் இடத்தில் ஓர் ஆப்பு அடித்திருந்தது. அதை மட்டும்தான் இன்னும் பார்க்கவில்லை. அம்மிக் குழவியை எடுத்து வந்து இரண்டு பக்கமும் தட்டினாள். ஆப்பு அசைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினாள்.

ஓட்டைக்குள் ஊக்கை விட்டு இழுத்தாள்.

கொள்ளு போலத் தட்டையாக, பழுப்பாக ஒன்று வெளியே விழுந்தது.

நகர்ந்தது.

கட்டைவிரலால் அழுத்தினாள். சிவப்பாக ரத்தம் தெறித்தது. அந்த நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது.

"ஏனுங்க! இருக்குதுங்க! மூட்டைப்பூச்சி இருக்குதுங்க!"

பூபதி குழந்தையோடு உள்ளே ஓடி வந்தான். அவள் நீட்டிய விரலைப் பார்த்தான். மீண்டும் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்து, யமுனாவை மார்போடு இறுக்கிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தான்.

பாவாயி திகைத்துப்போய் நின்றாள். காலையில் தெரிந்த புள்ளிகளைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

போன வருடமும் இப்படித்தான் யமுனாவின் உடம்பில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. ஏதோ பூச்சிக்கடி என்று நினைத்து, கலைச்செல்வி தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பூச்சி இல்லை, ரத்தத்தில் புற்றுநோய் என்று சேலத்தில் சொன்னார்கள். மாதக்கணக்கில் மருந்து ஏற்றி, நோய் அடங்கிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார். மறுபடியும் புள்ளி தெரிந்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடி வர வேண்டும்.

வளைவில் பஸ் ஹாரன் கேட்டது.

சேலத்துக்குப் போய் டாக்டரிடம் காட்டாமல் இருக்க இருவருக்கும் மனம் வரவில்லை. பூபதி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். கலைச்செல்வி மகளை வாங்கி, இப்போதுதான் முடி முளைக்கத் தொடங்கியிருந்த அந்தத் தலையில் முத்தமிட்டாள்.

பிறகு பையைத் திறந்து, ஆஸ்பத்திரியில் தங்குவதற்கென்று காலையில் திணித்து வைத்த போர்வையையும் மாற்றுத் துணிகளையும் வெளியே எடுத்து வைத்தாள்.