தொண்ணூற்றேழு டிகிரி

"ஏனுங்க, இது கம்ப்யூட்டருங்களா, டிபன் கேரியருங்களா?"

மேசை மேல் இருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்து நவநீத் சிரித்தான். ஒரு செருப்புப் பெட்டி அளவுதான் இருந்தது.

ஹர்ஷிணி சிரிக்கவில்லை. "கம்ப்யூட்டர்தானுங்க" என்றாள்.

நவநீத்துக்குப் பெருந்துறையில் ஓர் ஆலையில் வேலை. அங்கே இருக்கும் நூற்றிருபது கம்ப்யூட்டர்களும் அவன் பொறுப்பு. கீழே ஹாலில் அதைக் கேட்டதும் ஹர்ஷிணியின் அப்பா நரசிம்மலு, "அப்படிங்களா! எம் பொண்ணு தானே ஒண்ணு கட்டி வெச்சிருக்குது. மேல போய்ப் பாருங்க தம்பி" என்று அனுப்பியிருந்தார்.

"எந்தக் கடையில இதை உங்க தலையில கட்டுனாங்க?"

"கடையில இல்லீங்க. ஒவ்வொரு பார்ட்டா வாங்கி நானே கட்டினது."

"அதானே பாத்தேன். யூடியூப் படிப்பாக்கும்!"

ஹர்ஷிணி பொறுமையாகச் சொன்னாள். "அன்னூர்ல ஒரு பம்ப் கம்பெனிக்கு டிசைன் பண்ணிக் குடுக்கறேனுங்க. வாரம் ரெண்டு நாள் நேர்ல போகோணும். பஸ்ல பையில வெச்சு எடுத்துட்டுப் போகத்தான் சின்னதாக் கட்டினேன்."

"லேப்டாப்னு ஒண்ணு வந்திருக்குது, கேள்விப்பட்டீங்களா?"

"இந்தக் கணக்கை லேப்டாப் தாங்காதுங்க."

திரையில் ஒரு பம்ப்பின் உட்புறம் நீலமும் சிவப்புமாகச் சுழன்றுகொண்டிருந்தது. காலை எட்டு மணிக்கு ஆரம்பித்த கணக்கு. நாலு மணிக்கு முடியும். முடிந்ததும் அளவுகளை அனுப்பினால்தான் அன்னூரில் வார்ப்பு வேலையைத் தொடங்குவார்கள்.

நவநீத்தின் கண் திரையின் மூலைக்குப் போனது. அங்கே பெட்டிக்குள் இருக்கும் சூடு தெரிந்தது.

"எண்பத்தொண்ணு டிகிரி! தோசையே சுடலாம் போலிருக்குதே. எங்க ஆலையில எந்த மெஷினும் அறுபதைத் தாண்டாது, தெரியுமுங்களா?"

"சின்னப் பெட்டிக்குள்ள இவ்வளவு இருக்குமுங்க. காலையில இருந்து எண்பத்தொண்ணுலயேதான் நிக்குது. பயமில்லை."

"ஸ்க்ரூ டிரைவர் எங்க?"

"கணக்கு ஓடிட்டிருக்குதுங்க. நாலு மணிக்கு மேல..."

"அட, நூத்திருபது மெஷினைப் பாக்கறவன்கிட்டப் போயி!"

அவனே மேசை இழுப்பறையைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். கீழே பெரியவர்களின் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வீடு தேடி வந்தவரிடம் சத்தம் போட வேண்டாம் என்று ஹர்ஷிணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பெட்டியின் மேல்மூடியைக் கழற்றியவன் உச்சுக் கொட்டினான். "ஃபேனையே தலைகீழா மாட்டி வெச்சிருக்கீங்க. குளிர்ந்த காத்து உள்ளதானே போகோணும்? இது வெளியல்ல தள்ளுது!"

"கீழ இருந்துதானுங்க காத்து உள்ள வருது. உள்ள இருக்கற ஃபேன் சூட்டை மேல தள்ளும். இது அதை வாங்கி வெளிய விடும். நீங்க திருப்பி மாட்டினா ரெண்டும் எதிரும் புதிருமா ஊதி, சூடு நடுவுல மாட்டிக்கும்."

"எனக்கேவா?"

அவன் ஃபேனைக் கழற்றித் திருப்பி மாட்டினான்.

எண்பத்தெட்டு. தொண்ணூற்று மூன்று.

"கொஞ்சம் பொறுங்க, இப்ப எறங்கும் பாருங்க."

தொண்ணூற்றேழு. அதோடு திரை இருண்டது. பெட்டிக்குள் இருந்த சத்தமும் அடங்கியது.

ஹர்ஷிணி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டு. ஆறு மணி நேரக் கணக்கு போயிருந்தது.

"பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேனல்ல, கட்டினதே சரியில்லைன்னு!" என்றான் நவநீத்.

அவள் அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கினாள். ஃபேனைப் பழையபடி மாட்டி, கம்ப்யூட்டரை மறுபடி போட்டு, கணக்கை முதலிலிருந்து தொடங்கினாள். இனி ராத்திரி பத்தாகும்.

"இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா எப்படிங்க?" அவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். "இந்த டப்பாவைத் தூக்கிட்டு பஸ் பஸ்ஸா அலையறதெல்லாம் இனி எதுக்கு? நானே பெரிய மெஷினா ஒண்ணு வாங்கிக் குடுக்கறேன். ஒரு மூலையில கெடக்கட்டும். பொழுது போகலீன்னா தட்டிட்டு இருங்க."

ஹர்ஷிணி அவன் பக்கம் திரும்பினாள்.

"பம்ப்புக்குள்ள தண்ணி எந்தப் பக்கம் ஓடும், எங்க முட்டும்னு கணக்குப் போடறதுதானுங்க ஏழு வருசமா என் வேலை. ஒரு சாண் பெட்டிக்குள்ள காத்து எந்தப் பக்கம் போகும்னு எனக்குத் தெரியாதுங்களா? நான் சொன்னதை நீங்க காதுலயே வாங்கலை. அதுகூடப் போகட்டும். என் ஆறு மணி நேரத்தை அழிச்சுப்போட்டு, ஒரு 'சாரி'கூட வரலை பாருங்க."

"ஒரு டப்பாவுக்கா இத்தனை பேச்சு?"

"டப்பாவுக்கு இல்லீங்க."

படியேறி வந்த அம்மா ராமாமணி, வாசலிலேயே தயங்கி நின்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஹர்ஷிணி, பேசி முடிச்சாச்சா கண்ணு? கீழ எல்லாரும் கேட்டுட்டே இருக்காங்க. என்ன சொல்லட்டும்?"

"முடிச்சாச்சும்மா. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களுக்கு இன்னொரு காப்பி குடுங்க. பொண்ணுக்குப் பிடிக்கலைன்னு சொல்லி அனுப்பிருங்க."